எங்கள் லேபின் நார்மல்

எங்கள் லேபில் என் பெயர் சௌம்யா என்பது பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. ‘நார்மல்’ என்று கூப்பிட்டால் போதும், நான் திரும்பிப் பார்ப்பேன்.

கல்லீரல் கெட்டவர்களுக்கு ஒரு புது மாத்திரை கொடுத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கல்லீரல் பாதிக்கப்பட்டால் ஒரு என்சைம் ரத்தத்தில் ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல, பக்கத்தில் நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். அவரைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் நோயாளியின் நம்பர். ஃப்ரீசரில் வைத்த ரத்தம் சரிப்பட்டு வராது என்று லேபை நடத்தும் நிருபமா மேடம் சொல்லிவிட்டதால், சனிக்கிழமைதோறும் அந்த ஆளுக்கும் ஊசி குத்தியாக வேண்டும். மேடம் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். லேபில் கணக்கெழுதும் ஹரிஷுக்கு வார இறுதியில் பீர் இல்லாமல் ஆகாது. டெஸ்ட் செய்யும் பிஎச்.டி. மாணவி தாரணி ரத்தசோகைக்கு மருந்து சாப்பிடுகிறாள். மிஞ்சியது ரத்தம் எடுக்கும் டெக்னீஷியனான நான். டீ கூடக் குடிக்காத ஜென்மம். கிடைத்த இளிச்சவாயை அமுக்கிப் போட்டுவிட்டார்கள்.

எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன். ஊரில் எத்தனை பேர் நோயாளிகளாக இருந்தாலும் அவர்களை நிறுக்கும் படிக்கல் நான்.

போன வருஷ மழைக்காலத்தில் நோயாளிகளின் நம்பர் இறங்க ஆரம்பித்தது. ஒருவர் இருவர் அல்ல, எல்லோருக்கும். மேடம் ஐந்து கிலோ மைசூர்பாக் வாங்கி லேப் முழுக்கக் கொடுத்தார். எனக்குத்தான் இரண்டாவது துண்டு இறங்கவில்லை. அப்போதெல்லாம் எதுவுமே இறங்கவில்லை. புடவை இடுப்பில் நிற்காமல் நழுவியது. “என்னக்கா டயட்டு? எங்களுக்கும் சொல்லுங்க” என்று தாரணி கேட்டாள். ராத்திரியில் உடம்பெல்லாம் அரித்தது. ஈஜிபுராவில் எங்கள் தெருவுக்கு வரும் டேங்கர் தண்ணீரைத் திட்டிக்கொண்டே சொறிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு நானும் என் கணவர் பரத்தும் பைக்கில் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பினோம். வழியில் அத்திபெலேயில் கரும்பு வாங்க நிறுத்தினார். நான் கூலிங் கிளாஸைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன். நல்ல வெயில். பரத் கரும்பை அப்படியே கீழே போட்டார்.

“சௌமி, கண்ணு ஏன்டி இப்படி மஞ்சளா இருக்கு?”

ஊருக்குப் போகவில்லை. திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக்குழாயில் கட்டி, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஆறேழு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும் என்றார் டாக்டர். கண் கெட்ட பிறகு எதற்கு இந்தச் சூரிய நமஸ்காரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் எதுவும் எடுத்ததே இல்லியாம்மா?” என்று கேட்டார்.

“எடுத்திருக்கேன் டாக்டர்,” என்றேன். “ஒவ்வொரு சனிக்கிழமையும்.”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது.

திங்கட்கிழமை லேபுக்குப் போய், மடங்குக் கணக்கை விட்டுவிட்டு மெஷின் கொடுத்த பழைய அளவுகளை மட்டும் எடு என்று தாரணியிடம் சொன்னேன். எடுத்தாள். நோயாளிகள் எல்லோரும் ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒருவருக்கும் இறங்கவில்லை. ஏறியது நான் ஒருத்திதான். சனிக்கு சனி ஏறியிருந்தேன். படிக்கல் கனத்துக்கொண்டே போனால் தராசில் வெங்காயம் இளைக்கத்தானே செய்யும்.

“உங்க ரீடிங் ஏறினத நான் பாத்தேன்க்கா,” என்றாள் தாரணி. “அப்பத்தான் புது பாட்டில் கெமிக்கல் மாத்தினோம். இந்த லாட்டு கொஞ்சம் ஸ்ட்ராங்கு, எல்லாருக்குமே கூட்டிக் காட்டுது, நோயாளிங்களுக்கு மாத்திரைல எறங்கினதால தெரியல போலன்னு நெனச்சேன். மேடமும் அதான் சொன்னாங்க. நீங்க... நீங்க நார்மல் இல்லியா? உங்களுக்கு எப்படிக்கா ஏறும்?”

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எனக்கு முப்பத்து நாலு வயது. சாக மனசில்லை. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

மேடம் மாத்திரை ஆராய்ச்சியை நிறுத்தினார். நோயாளிகளிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். ஆனால் அடுத்த சனிக்கிழமை, எல்லோருக்கும் முன்னால் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவர் அப்பாதுரை அண்ணன். அலசூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். நம்பர் இறங்க இறங்க, குடியை விட்டு, ஸ்டாண்டில் எல்லோருக்கும் புத்தி சொல்ல ஆரம்பித்திருந்த மனிதர்.

“இன்னா சிஸ்டர், நம்ம நம்பர் எவ்ளோ? இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்குமே?”

மேடம் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

“உங்களுக்கு எறங்கலண்ணே. எனக்கு ஏறிடுச்சு.”

அவருக்குப் புரியவில்லை. படிக்கல், தராசு, வெங்காயம் என்று நிதானமாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“அப்போ நான் குடிக்காம வாயக் கட்டினதெல்லாம் வேஸ்ட்டா சிஸ்டர்?”

“இல்லண்ணே. குடிச்சிருந்தா ஏறியிருக்கும். ஏறாம நிக்குதே, அது நீங்க பண்ணது. மாத்திரை பண்ணல.”

அவர் முதல் தடவையாக என் கண்களைப் பார்த்தார்.

“உங்களுக்கு டாக்டரு இன்னா சொல்றாரு?”

“தாண்டிடுச்சுன்றாருண்ணே.”

அப்பாதுரை அண்ணன் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழ வேண்டிய நான், கையில் ஊசியோடு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சட்டைக் கையை மடித்தார்.

“எடுங்க சிஸ்டர். சரியானதாவது தெரியட்டும். நான் குடிக்க மாட்டேன், உங்க மேல சத்தியம்.”

எடுத்தேன். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை ஸ்டாண்டில் வைக்கப் போனபோது முதல் குழி காலியாக இருந்தது. அது எப்போதும் என்னுடைய குழி. பின்னாலேயே தாரணி நின்றிருந்தாள், இடது கையை நீட்டிக்கொண்டு.

“மருந்த நிறுத்தி மூணு வாரம் ஆச்சுக்கா. இப்ப ரத்தம் நல்லாயிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மேடமும் சரின்னாங்க. இனிமே தனியா ஒரு ஆளு இல்ல, நாலு பேரோடது எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. மொதல்ல நான்.”

அவள் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பு சட்டென்று எழுந்தது. நல்ல நரம்பு, இளசு. ரத்தம் குழாயில் ஏறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“தாரணி.”

“சொல்லுங்கக்கா.”

“நான் இல்லாதப்போ இதுல யாருக்காவது ஏறுச்சுன்னா, மொதல்ல ஆளப் போய்ப் பாருடி. பாட்டில அப்புறம் பாத்துக்கலாம்.”