காது கேளாத பிக்கப்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, காதில் விழுந்தது. என் பழைய ரேடியோ கரகரத்தது. ரேடியோக் கடைக்காரர்கள் கைவிரித்த பின், மாடியில் கிடார் பழுதுபார்க்கும் மாஸ்டரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவர் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார், தலையசைத்தார், சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினார். அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் இப்போது எழுதுகிறேன்.

தொடக்கங்கள்:

"இசை என்பது"

வேண்டாம்.

"அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள். அடுத்த வாரம் அவள் குரலை"

இதையும் அடித்துவிட்டேன். அவள் அறிவிப்பாளர் இல்லை. நான் ஆக்கினேன். நடந்ததே போதாதென்று அதற்குப் பவுடர் பூசப் பார்த்தேன்.

"ஒரு பெண் தன் கிடாருக்குப் புதிய பிக்கப் வாங்க வந்தாள்."

இது இருக்கட்டும்.

2.

(பிக்கப் தெரியாதவர்களுக்கு: எலெக்ட்ரிக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் இருக்கும் சிறிய பெட்டி. உள்ளே காந்தம். அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்ந்தால் அதை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அது கிடாரின் காது. இந்தக் கதையில் நான் எனக்கு அனுமதித்துக்கொண்ட உவமை இது ஒன்றுதான்.)

போன வாரம், நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அவள் அண்ணனோடு வந்தாள். கிடாரை அவன் தூக்கி வந்தான். பகலில் அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறாள். வார இறுதிகளில் ஒரு ஹோட்டலில் வாசிக்கிறாள். மாஸ்டரின் மேஜையோரம் மெழுகுச் சட்டியைப் பார்த்ததும் அவளாகவே சொன்னாள், நாள் முழுக்கத் தன் கையும் மெழுகில்தான் என்று. இந்தத் தெருவில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவேலையாம்.

மாஸ்டர் துணி விரித்து மூன்று ஜோடி பிக்கப்பை வைத்தார். ஒன்று கூர்மையாகப் பேசும், ஒன்று தடிமனாக, மூன்றாவது நடுவில் என்றார். என்ன மாதிரி வாசிப்பீர்கள் என்று எல்லோரையும் கேட்பதை அவளையும் கேட்டார்.

அவள் தொண்டை கட்டியிருந்தது. மெல்லத்தான் பேசினாள்.

"வாசிப்பேன். இனிமே பாட மாட்டேன். வர்ற வாரம் குரல்பெட்டிய எடுக்கறாங்க. இதுல எது காது கேக்காதது, அதக் குடுங்க."

மாஸ்டர் கையிலிருந்த துடைக்கும் துணியை மடித்தார். மறுபடி விரித்தார்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவளுடைய கிடாரில் இருந்தது பழைய பிக்கப். உள்ளே சுற்றுகள் தளர்ந்துவிட்டன. தளர்ந்த கம்பி தந்திக்கு மட்டும் அதிராது, பக்கத்தில் பேசினாலும் அதிரும். மாஸ்டர் சொன்னபடி, அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, எதையும் விடாது. மற்றவர்களுக்கு அது கோளாறு. அவளுக்கு அப்படி இல்லை. மைக் முன்னால் அவளுக்குப் பாட்டு வராது. கிடார் மேல் குனிந்து, தனக்குத்தானே பாடுவாள். பிக்கப் அதைக் கேட்டு ஒலிபெருக்கியில் போடும். வெகுகாலம் அப்படித்தான் பாடியிருக்கிறாள். பாட்டு நின்ற பிறகு கேட்கும் காது அவளுக்கு வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றான் அண்ணன்.

"வந்தப்புறம் கடையில எப்படிக் கேக்கறது? கைய ஆட்டியா? இப்பவே வாயால கேட்டு வாங்கிக்கறேன்ணா."

3.

அண்ணனைப் பற்றி.

முதல் வரைவில் அவனைக் கல்நெஞ்சனாக எழுதினேன். செல்போனைப் பார்த்துக்கொண்டு, நேரமாகிறது என்று முணுமுணுப்பவன். கதைக்கு ஒரு எதிராளி வேண்டியிருந்தான்.

உண்மையில் அவன் பள்ளி வேன் ஓட்டுகிறான். கடைக்குள் வந்ததும் அவன் முதலில் தேடியது அவள் உட்கார ஒரு ஸ்டூல். பிறகு கதவருகே போய் நின்றுகொண்டான், அவ்வளவுதான். பேசாத ஆளை எழுத எனக்குத் தெரியாது. கெட்டவனாக்கிவிட்டால் எழுதுவது சுலபம்.

4.

கழற்றும் முன் பழையதை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்றார் மாஸ்டர். இது அவர் வழக்கம். எது போகிறது என்று தெரியாமல் எது வருகிறது என்று தெரியாது என்பார். ஒலிபெருக்கியைப் போட்டார்.

அவள் தந்தியைத் தொடவில்லை. கிடாரை மடியில் வைத்துக் குனிந்தாள்.

"சாப்பிட்டியா?"

ஒலிபெருக்கி கதவருகே இருந்தது. குரல் அங்கிருந்து வந்தது, தகரம் தட்டி, சற்றுத் தள்ளி, வேறு அறையில் யாரோ இருந்து கேட்பதாக.

"இன்னும் இல்ல" என்றான் அண்ணன். அவளைப் பார்த்து அல்ல. ஒலிபெருக்கியைப் பார்த்து.

மாஸ்டர், அவள், நான், மூன்று பேரும் அதைக் கவனித்தோம். அவன்தான் கடைசியில் கவனித்தான்.

மாஸ்டர் நடு ஜோடியைப் பொருத்தினார். அவள் குனிந்து அதே கேள்வியைக் கேட்டாள். ஒலிபெருக்கியில் ஒன்றும் இல்லை. தந்தியை மீட்டினாள். சுத்தமான ஒலி.

நன்றாக இருக்கிறது என்றார் மாஸ்டர். நன்றாக இருக்கிறது என்றாள் அவளும். கிடாரின் கழுத்து கொஞ்சம் வளைந்திருந்ததால் அதை விட்டுவிட்டுப் போகச் சொன்னார் மாஸ்டர்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இந்த இடத்தில் முடித்து, கீழே கோடும் போட்டுவிட்டேன். பிறகு இன்று மத்தியானம் என் ரேடியோவைத் திரும்ப வாங்க வந்தேன்.

5.

மாஸ்டர் மேஜை முன் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

காலையில் அந்தப் பெண் போன் செய்திருக்கிறாள். குரல் இன்னும் இறங்கிவிட்டதாம். அவள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்:

"பழசையே திரும்பப் போட்டு வைங்க மாஸ்டர். நாளன்னிக்கு ஆபரேஷன். அதுக்குள்ள அண்ணனுக்கு ஒரு பாட்டுப் பாடி வெச்சுட்டுப் போறேன். அவன் அந்த ஸ்பீக்கருக்குத்தான் பதில் சொல்றான்."

சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாராம். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.

கழற்றிய பழைய பிக்கப்பை அவர் சும்மா திருப்பிக் கொடுப்பதில்லை. யாரும் கேட்காமலே மெழுகில் முக்கிக் கொடுப்பார்.* பின்னால் உதவட்டும் என்று. இத்தனை வருஷத்தில் நன்றி சொல்லாதவர்கள் இல்லை. அன்றைக்கே, அவர்கள் படியிறங்கும்போதே, சட்டியை அடுப்பில் வைத்துப் பழையதை முக்கிவிட்டார்.

[* உருக்கிய மெழுகு சுற்றுகளுக்கு இடையே புகுந்து இறுகும். கம்பி பிறகு அசையாது. ஒலிபெருக்கி கீச்சென்று ஊளையிடுவது நிற்கும். பேச்சும் ஏறாது. புதியவை தொழிற்சாலையிலேயே மெழுகு குடித்துத்தான் வருகின்றன. அதனால்தான் அவற்றுக்குக் காது கேட்பதில்லை.]

திரும்ப உருக்கி எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"மேல இருக்கறது வரும். உள்ள போனது வராது. சூட்டக் கூட்டினா கம்பி அந்துடும்."

மெழுகு காணாத வேறு பழைய ஜோடி கிடைக்காதா?

"தேடினா கிடைக்கும், நாளாகும். இன்னிக்குச் சாயங்காலம் வராங்க சார்."

பிறகு என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"நீங்க எழுதற ஆளாச்சே. எப்படி ஆரம்பிக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு வரி போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவர் கேட்டது ஒரு வரி. அதற்குப் பதிலாக இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6.

அவருக்கு எழுதிப் பார்த்தவை:

"அம்மா, ஒரு சின்னத் தப்பு"

சின்னது இல்லை.

"அம்மா, நல்லது நெனச்சுத்தான்"

அவரைக் காப்பாற்றும் வரி. அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

"அம்மா, அந்தப் பிக்கப்"

இத்தோடு நின்றுவிட்டது.

வரி கிடைக்காதபோது முடிவுகளைத் தேடினேன்.

அ. அவர் சொல்லாமல் பழையதைப் பொருத்திக் கொடுக்கிறார். அவள் வீட்டுக்குப் போகிறாள். அண்ணன் ஒலிபெருக்கி பக்கம் உட்கார்கிறான். அவள் குனிந்து பாடுகிறாள். தந்தி மட்டும் கேட்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே தன் குரல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறாள். (எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தேன்.)

ஆ. மேலே சொன்னது நடக்காது. நாள் முழுக்க மெழுகில் கை வைப்பவள் பிக்கப்பின் ஓரத்தை நகத்தால் ஒரு முறை தொட்டால் போதும், மெழுகு தெரிந்துவிடும்.

இ. கிடாருக்குள் ஒரு சிறிய மைக்கை ஒளித்து வைப்பது. இதை மாஸ்டரிடம் சொல்லியும் பார்த்தேன். எனக்குப் பிடித்த முடிவு. எல்லோரும் பிழைத்துக்கொள்கிறோம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசிப் பாட்ட ஏமாத்திப் பாட வைக்கறதா சார்?"

ஈ.

ஈ இன்னும் எழுதவில்லை. படியில் சத்தம். இரண்டு பேர். ஒருவர் ஒவ்வொரு படியிலும் நின்று வருகிறார்.

மாஸ்டர் எழுந்து சட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினார். பிறகு வெட்கப்பட்டு, அதை வெளியே எடுத்து மேஜைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். பக்கத்தில் மெழுகு குடித்த அந்தப் பழைய ஜோடி.

அண்ணன் முதலில் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கைச் சற்றுத் தூக்கினாள். சட்டியைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். முகத்தில் நான் எழுதக்கூடியது எதுவும் இல்லை.

வந்து உட்கார்ந்தாள். பேச இரண்டு முறை முயன்று, மூன்றாவதில் வந்தது. எனக்கே சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது.

"சாப்பிட்டீங்களா மாஸ்டர்?"

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார். என் காகிதத்தில் அந்த வரி இன்னும் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். அவளால் நாளை வரைதான் வாயால் கேட்க முடியும்.