முத்துராஜின் முறை

பள்ளிக்கூட வாசலிலேயே வேலம்மா மடக்கினாள்.

"இன்னா டீச்சரு, எம் புள்ள மொறைய எடுத்து வைஷ்ணவிக்குக் குடுத்துட்டியாமே?"

எப்சிபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.எட். பயிற்சிக்காகக் காட்டூரிலிருந்து இந்த மீனவக் குப்பத்துப் பள்ளிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்று எட்டாம் வகுப்பில் ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொன்னாள். ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலி. "முத்துராஜ் மொறை டீச்சர்" என்றார்கள் பிள்ளைகள். "வராதவனுக்கு இன்னா முறை? வைஷ்ணவி, நீ படி" என்று தாண்டிப் போய்விட்டாள். வைஷ்ணவி நடுங்கிக்கொண்டே படித்தாள்.

"உங்க பையன் லீவாக்கா?"

வேலம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "லீவுதான். முகத்துவாரத்துல படகு கவுந்துச்சி. அவுங்க நைனா நீந்தி வந்துட்டாரு. இவன் இன்னும் வரல."

எப்சிபா தோள்பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏரில மீனு புடிக்க ஒவ்வொரு நாளு ஒவ்வொரு வூட்டு மொறை. உடம்பு கெடைக்காதவன் மொறை வந்தா, அன்னிக்கி அந்த எடத்துல எவனும் வலை போட மாட்டான். போட்டா, தன் மொறைக்கி வர்றவன் எடமில்லாம நிப்பான். நெல்லு வெளையிற உங்க காட்டூருக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது."

அன்றிலிருந்து வைஷ்ணவி வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், வாயைத் திறக்கவில்லை. எப்சிபா கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ எழுந்து நிற்கும் ஓசை. திரும்பினால் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள்.

"யாருடா எழுந்தது?"

"யாரும் இல்ல டீச்சர்" என்றான் சின்னதம்பி. பிறகு மெதுவாக, "அவன் எப்போ படிக்கறதுன்னு கேக்கறான் போல."

ஆசிரியப் பயிற்சிக்கு உதவும் ஓர் அறக்கட்டளையிலிருந்து வெள்ளிக்கிழமை ஆள் வருவதாக இருந்தது. மாதிரி வகுப்பு நன்றாக அமைந்தால் உதவித்தொகை, பி.எட்.டை முடித்துவிடலாம். இல்லையென்றால் அக்கா ஜெஸ்ஸியோடு இறால் உரிக்கும் கம்பெனி வேனில் ஏறவேண்டியதுதான். கூலி வேலை செய்யும் அப்பாவால் இதற்குமேல் முடியாது.

வியாழன் சாயங்காலம் வைஷ்ணவியின் வீட்டுக்கே போனாள். "அவன் முறை அவனுக்கே. உன் முறைக்கு மட்டும் நீ படி. வாம்மா."

வைஷ்ணவி வந்தாள். அறக்கட்டளையின் ரோஸ்மேரி மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். வாசிப்பே இல்லாத பாடமாகத்தான் எப்சிபா தயார் செய்திருந்தாள். மேடம் விடவில்லை.

"ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்லுங்க. உச்சரிப்பு பாக்கணும்."

சின்னதம்பி படித்து முடித்தான். அடுத்தது ஜன்னலோரம்.

வகுப்பே எப்சிபாவைப் பார்த்தது. வைஷ்ணவியின் விரல்கள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன. பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டால் போதும், உதவித்தொகை கைக்கு வந்துவிடும். எப்சிபா வாயை மூடிக்கொண்டாள். ஒரு பிள்ளை படிக்கும் வேகத்தில் அந்தப் பத்தியின்மேல் கண்ணை ஓட்டினாள். வெளியே அலைச் சத்தம் மட்டும். கடைசி பெஞ்சில் பேனாவும் நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

பத்தி முடிந்த இடத்தில் வைஷ்ணவி தானாக எழுந்து, கணீரென்று படித்தாள்.

மணி அடித்ததும் மேடம் வராந்தாவுக்கு வந்தார். "ஒரே ஒரு குறைதாம்மா."

"தெரியும் மேடம். நடுவுல கொஞ்ச நேரம் பேசாம..."

"அதேதான். அந்த ஜன்னலோரப் பையன் பாவம், திக்கித் திக்கிப் படிச்சான். முடிச்சதும் நல்லதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? நின்னுக்கிட்டே இருந்தான். மத்தபடி திருப்தி. உதவித்தொகைக்கு உங்க பேரைப் பரிந்துரைக்கிறேன்."

கார் போய்விட்டது. எப்சிபாவின் காதில் அலைச் சத்தத்தைத் தவிர எதுவுமே விழுந்திருக்கவில்லை.

கேட்டருகே வேலம்மா காத்திருந்தாள். "படிச்சானா?"

"படிச்சான்க்கா. கொஞ்சம் திக்குச்சி."

வேலம்மா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேச ஆரம்பிச்சதுலேர்ந்தே அப்டித்தான்" என்றாள். "உக்காரச் சொன்னியா?"

"இல்லக்கா."

"போயி சொல்லிடு. டீச்சர் சொல்லாம உக்கார மாட்டான் எம் புள்ள."

பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எப்சிபா திரும்பி நடந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வகுப்பறைக்குள் போனாள்.