ரத்தம் நிற்காத குஞ்சுகள்

மெல்ச்சோர் அலகு வெட்டினால் குஞ்சுக்கு ரத்தம் வராது என்பது சான் ஹோசே வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். கட்டைவிரல் குஞ்சின் பிடரியில், ஆள்காட்டி விரல் தொண்டைக்கு அடியில், அலகு நுனி சிவந்து கனலும் கத்தியில். இரண்டு எண்ணுகிற நேரம் அழுத்திப் பிடித்து, கூடையில் விட்டால் குஞ்சு உடம்பை உதறிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விடும். பதினாறு வருடமாக அவனைத்தான் எல்லாப் பண்ணையிலும் கூப்பிடுகிறார்கள். அவன் மனைவி கிறிசாந்தாவுக்கு இதில் பெருமைதான், ஆனால் வாயைத் திறந்து சொல்லமாட்டாள். சொன்னால் ஆளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்பது அவள் கட்சி.

அவள் லியோவினோவின் பண்ணையில் தீவனம் கலப்பவள். இன்று அங்கேதான் வெட்டு, வளர்ந்தபின் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமலிருக்க அலகு நுனியைக் குறைக்கிற வேலை. மூன்று வாரக் குஞ்சுகள், நாலாயிரம். விடிந்தும் விடியாததுமாக மெல்ச்சோர் அலகு வெட்டும் இயந்திரத்தை மேசையில் பூட்டிக்கொண்டிருந்தபோது, கூடை தூக்குகிற லெத்தி வந்து கிறிசாந்தாவிடம் கேட்டாள்.

"அக்கா, வெட்டுக்கு முன்னாடி மூணு நாள் தண்ணியில கே விட்டமின் போடுவோமே. இந்த வாட்டி போடவே இல்லியே?"

"தீவனத்துலதான் இருக்குதேடி. தண்ணியிலயும் எதுக்கு? குஞ்சுக்குக் கல்யாணமா நடக்குது?"

லெத்தி சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஒன்பது மணி வரை யாரும் ஒரு குறையும் கவனிக்கவில்லை. மழை விட்டிருந்தது. கிறிசாந்தா கொட்டகைக்குப் பின்னால் கருவாட்டைச் சுட்டு, சோற்றைப் பூண்டு போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் லெத்தியின் அலறல் கேட்டது. சும்மா பாம்பைப் பார்த்த அலறல் இல்லை அது. கிறிசாந்தா கரண்டியோடு ஓடினாள்.

கொட்டகைக்குள் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உமி முழுக்கச் சிவப்பு. மஞ்சள் குஞ்சுகளின் நெஞ்சுத் தூவியெல்லாம் நனைந்து கருத்திருந்தது. வெட்டி இரண்டு மணி நேரம் ஆன குஞ்சுகளுக்கும் அலகிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்று அவள் காலடியில் வந்து நின்று, தலையைத் தொங்கப்போட்டு, அப்படியே சரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தண்ணீர்க் குவளைகள் எல்லாம் ரோஜா நிறமாகியிருந்தன.

"நிறுத்துங்கடா! எல்லாத்தையும் நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே லியோவினோ வந்தார். செத்த குஞ்சுகளை லெத்தி சாக்கில் போடப் போட, அவர் முகம் வெளிறிக்கொண்டே போனது. நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு மெல்ச்சோர் பக்கம் திரும்பினார்.

"கத்தி சூடு ஏறலை. சரியாப் பொசுக்கல நீ. அதான் ரத்தம் நிக்கல."

"சூடாத்தான் இருக்கு முதலாளி. நானும் அதான் பாக்குறேன், எனக்கே ஒண்ணும் புரியல."

"நேத்து சேவச் சண்டைக்குப் போனியா?"

மெல்ச்சோர் பதில் சொல்வதற்குள் கிறிசாந்தாவின் வாய் முந்திக்கொண்டது. பயத்தில் வந்த வாய் அது. முதலாளி கோபம் குடும்பத்தின் மேல் இறங்கிவிடக் கூடாது, இறங்கினால் அவனோடு போகட்டும் என்று அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு கேவலமான கணக்கு.

"போனானே! ஜின் வாடையோடதான் வந்து படுத்தான். ஏய்யா, சிவப்பு எது, கறுப்பு எதுன்னு தெரியாமத்தான் கத்தியை வச்சியா? அந்தச் சூட்டுல கருவாடுகூட வேகாது!"

வெட்டுக்கு வந்திருந்த ஆட்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது போதுமாக இருந்தது. மெல்ச்சோர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"வேகாதா?" என்றான்.

வலது கட்டைவிரலைக் கொண்டுபோய்க் கத்தியின் மேல் வைத்தான்.

அப்படியே வைத்திருந்தான். குஞ்சுக்கு எண்ணுகிற மாதிரி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணினான். சுர்ரென்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. வாடை வந்த பிறகுதான் லியோவினோ பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார். கிறிசாந்தா அவன் விரலின் நுனி இருந்த இடத்தைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தாள். லெத்தி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் கையை அதற்குள் அமுக்கினாள். அவன் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

கோழி டாக்டர் மக்சினோ அம்மா வந்து இறங்கியபோது சாக்கு இரண்டு நிரம்பியிருந்தது. அந்தம்மா முதலில் மெல்ச்சோரின் விரலைப் பார்த்தார், "எந்த மடையன் இதுக்குக் காரணம்?" என்றார். ஈரத்துணியைச் சுற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். "குஞ்சு எதனால செத்துச்சுன்னு தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்று அவன் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் செத்த குஞ்சு ஒன்றை எடுத்துத் தோலை உரித்தார். எல்லோரும் குனிந்தார்கள். தொடையிலும் இறக்கைக்கு அடியிலும் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டியிருந்தது.

"இங்கயெல்லாம் கத்தி பட்டிருக்குமா? படாது. அலகை வெட்டலைன்னாக்கூட இதுங்க இன்னும் கொஞ்ச நாள்ல உள்ளுக்குள்ளயே கசிஞ்சு செத்திருக்கும். இதுங்க ரத்தம் உறையவே இல்ல. கே விட்டமின் கொடுக்கறீங்களா இல்லியா?"

"தீவனத்துல இருக்கு டாக்டர். நல்ல மூட்டையாப் பாத்துத்தான் வாங்கறேன்" என்றார் லியோவினோ.

"சோளத்துலயும் சோயாவுலயும் இருக்கறது இதுங்களுக்குப் பத்தாது. ஆலையில செஞ்சு வர்ற கே விட்டமின் தூள்தான் ரத்தத்தை நிறுத்துது. ஆனா அது நோஞ்சான் உடம்புக்காரி மாதிரி. கோலின்னு இன்னொரு சத்துத் தூள் வருதே, அதோட சேத்து ஈரத்துல வச்சா, கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப்போயிரும். அதனாலதான் ரெண்டும் தனித்தனி மூட்டையில வருது. கலக்கற அன்னிக்குத்தான் ரெண்டையும் ஒண்ணாப் போடணும். இங்க யாரு கலக்கறது?"

கிறிசாந்தா தீவன அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

மே மாதம், மழைக்கு முன்னால், அவள்தான் அந்த யோசனையைக் கண்டுபிடித்தாள். தினமும் இரண்டு மூட்டையை அவிழ்த்து, இரண்டு தடவை அளந்து, எதற்கு இந்த மெனக்கேடு? வைட்டமினையும் கோலினையும் மொத்தமாக ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டிக் கலந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரே அளவை, ஒரே கரண்டி. வேலை சீக்கிரம் முடிவதைப் பார்த்து லியோவினோவே மெச்சினார். ஜூலையில் அது ஈரம் இழுத்துக் கட்டி தட்டியபோது, கையால் உடைத்துப் போட்டாள். இப்போது ஆகஸ்டு.

யாருக்கும் அந்த டிரம்மின் உள்விவகாரம் தெரியாது. மெச்சின லியோவினோவுக்கே அதில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. "தனியாத்தான் போடறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி மூட்டை விற்ற கடைக்காரன் மேல் போய்விடும். இல்லையென்றால், டாக்டர் என்ன சொன்னாலும், ஊர்வாயில் மெல்ச்சோர் மேலேயே தங்கிவிடும். இந்த வட்டாரத்தில் இனி ஒரு பண்ணையும் அவனைக் கூப்பிடாது. அவள் திரும்பி மெல்ச்சோரைப் பார்த்தாள். அவன் கையில் சுற்றிய துணி மறுபடியும் நனைந்திருந்தது.

"நான்தான்" என்றாள். "ரெண்டையும் ஒண்ணா டிரம்முல கொட்டி வச்சேன். மூணு மாசமா."

லெத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்ட கேள்வி அவள் முகத்தில் அப்படியே இருந்தது. சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"மூணு மாசமா! அப்ப அதுல கே ஒரு பொட்டும் மிஞ்சியிருக்காது" என்றார் டாக்டர். பையிலிருந்து கே விட்டமின் பொட்டலங்களை எடுத்து லெத்தியிடம் கொடுத்தார். "ஓடு, எல்லாத் தொட்டியிலயும் கலந்து விடு. பொழைக்கறது பொழைக்கட்டும்."

மெல்ச்சோர் அப்போதுதான் பேசினான். "டாக்டரம்மா, அப்ப என் கத்தி சூடாத்தான் இருந்துச்சு, இல்ல?"

"இருந்துச்சுய்யா. உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல."

அவன் தலையாட்டிக்கொண்டான். இடது கையால் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தான். கிறிசாந்தா அவனருகே போய், "வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் கையை உதறவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"அவங்க சந்தேகப்பட்டாங்க, சரி. அவங்க அன்னியம்" என்றான். "பதினாறு வருஷமா இந்தக் கையைப் பாத்தவ நீ. உனக்கு எப்படிக் கிறிசா அந்த வாய் வந்துச்சு?"

கிறிசாந்தா அவன் முழங்கையைப் பிடித்தபடியே நின்றாள்.