வெடிப்பு பார்த்த பக்கம்

என் தம்பி காவ்ரிலா ஊரை விட்டுப் போனதற்கு ஸ்பெயினைத் திட்டாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. நானும் இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்கிறவர்களும் பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அவனை அனுப்பியது ஸ்பெயின் இல்லை, நான். ஒரு சட்டி மாமலிகாவை, வெறும் மக்காச்சோளக் களியை, வைத்து அனுப்பினேன்.

அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் நான், என் புருஷன் ஒனீசிம், எங்கள் இரண்டு பெண் குழந்தைகள். மற்றதில் காவ்ரிலாவும் அவன் செய்து அடுக்கிய சீஸும். செம்மறிகளைப் பார்த்துக்கொள்வான், பால் கறப்பான், சும்மா இருக்கும் நேரத்தில் என் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேலியோரமாக நடப்பான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அந்த அறை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஊர் இளவட்டங்கள் ஸ்ட்ராபெரி பறிக்க ஸ்பெயினுக்கு வேன் பிடித்தார்கள். ஓர் இடம் காலியாக இருந்தது. "நீயும் போயேன்" என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலே அவன் போய்விட வேண்டும் என்று நினைத்தேன். கோழைகளுக்கு எப்போதும் இந்த ஆசைதான்.

மாமலிகாவைப் பலகையில் கவிழ்க்கும்போது வெடித்தால் வீட்டில் யாருக்கோ பயணம் இருக்கிறது என்பாள் அம்மா. வெடிப்பு யார் பக்கம் பார்க்கிறதோ அவர்தான் போவார். அவள் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு மத்தியானமும் எங்களுக்கு இது ஒரு விளையாட்டு.

"வேன்ல இடம் இருக்காமே, போறியாடா?" என்று ஒனீசிம்தான் அன்றைக்குப் பேச்சை ஆரம்பித்தார்.

"நானா? மாமலிகா போகச் சொன்னா போறேன் மாமா. அதுவரைக்கும் உங்க சோத்தத் தின்னுட்டு இங்கயேதான் கிடப்பேன்" என்று சிரித்துவிட்டு, சீஸ் எடுக்கத் தன் அறைக்குப் போனான் காவ்ரிலா. ஒனீசிம் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

நான் சட்டியில் இன்னும் ஒரு கை மக்காச்சோள மாவைப் போட்டேன். துடுப்பு நகர மறுக்கும் வரை கிண்டினேன். அவ்வளவு இறுகினால் வெடிக்காமல் என்ன செய்யும்? கவிழ்த்ததும் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் பிளந்தது. ஆனால் என் போதாத காலம், வெடிப்பு ஒனீசிமின் நாற்காலியைப் பார்த்து நின்றது.

பலகையைக் காவ்ரிலாவின் நாற்காலிப் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு கையால், அரை வட்டம். ஒரு நொடிகூட ஆகவில்லை.

காவ்ரிலா சீஸோடு வந்து உட்கார்ந்தான். வெடிப்பைப் பார்த்தான். எப்போதும் போல மாமலிகா அறுக்கும் நூலை எடுத்து அடியில் விட்டு, மேலே இழுத்து, எல்லோருக்கும் துண்டு போட்டான். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். நான்காம் நாள் வேனில் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தான், ஒனீசிம் இறந்தபோது. அப்போதும் தன் ஞானத்தந்தை வீட்டில் தங்கினான். சொந்த அக்கா வீடு இருக்கும்போது அங்கே என்ன வேலை என்று எனக்கு ஒரே ஆத்திரம். அவன் பவிசைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

போன இலையுதிர் காலத்தில், கல்லறைகளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் நாளுக்கு அவன் வந்தான். இந்தத் தடவை நேராக வீட்டுக்கே வந்தான். தலை நரைத்து, முதுகு லேசாகக் கூனி, நாற்பத்தெட்டு வயதுக்கு ஐம்பத்தெட்டு மாதிரி இருந்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. என் பெண்கள் இரண்டு பேரும் நகரத்துக்கே போய்விட்டார்கள். இரண்டு அறையில் நான் ஒருத்தி. எந்த அறைக்காக அவனைத் துரத்தினேனோ அதில் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருந்தேன். அதை அள்ளி வெளியே போட்டுவிட்டு அவனுக்குப் படுக்கை போட்டேன். ஐந்து நாள் அந்த அறையிலிருந்து இருமல் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் அடுப்பில் சட்டியை ஏற்றினேன். அவன் மேசையில் உட்கார்ந்து சீஸைக் கிள்ளி வாயில் போட்டான்.

"இது யார் பட்டியோடது?"

"தொதோராவோட மருமகன் பண்ணினது."

"உப்பத் தூக்கி மூஞ்சிலயே கொட்டியிருக்கானே பாவி. செம்மறி பார்த்தா அழும்."

"நீ இருந்தா இந்தக் கண்றாவிய ஏன் வாங்கப் போறேன்?"

சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் சட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் இன்னும் கொஞ்சம் சீஸைக் கிள்ளினான்.

"சரி, அம்மா விளையாட்டு விளையாடலாமா?" என்றான் பிறகு. "வெடிச்சா நாளைக்குப் போறேன். வெடிக்கலன்னா இருந்துடறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது அவன் கண் சிரிக்கவில்லை.

ஐம்பது வருஷமாகக் கிண்டுகிறேன், மாவும் தண்ணீரும் கண்ணைக் கட்டிவிட்டாலும் சரியாக வரும். அன்றைக்கு மாவைத் தூவத் தூவ இறுகிவிடுமோ என்று பயம். ஒரு கரண்டி தண்ணீர் விட்டேன். கிண்டினேன். இன்னும் ஒரு கரண்டி. பக்கங்களை ஈரக் கரண்டியால் வழித்துச் சேர்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கரண்டி விட்டேன். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு கவிழ்த்தேன்.

வெடிக்கவில்லை. வெடிப்பதற்கு அது நிற்கவே இல்லை. பலகை முழுக்கப் பரவி, விளிம்பைத் தாண்டி மேசைத்துணியில் வழிந்தது.

காவ்ரிலா நூலைக் கையில் பிடித்தபடி பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா, இது மாமலிகா இல்ல, கூழு! இத நூலால அறுக்கவா, உறிஞ்சிக் குடிக்கவா?"

நானும் சிரித்தேன். "வெடிக்கலல்ல? பேச்சு பேச்சுதான்" என்றேன்.

அவன் நூலைச் சுருட்டி ஆணியில் மாட்டினான். இரண்டு கிண்ணங்களில் அள்ளி, மேலே சீஸை உதிர்த்து, புளித்த பாலேடு ஊற்றி, ஒன்றை என் முன்னால் வைத்தான். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கு வெடிப்பு மாமா பக்கம்தான் இருந்துச்சு."

நான் மேசைத்துணியில் வழிந்ததை வழிக்க ஆரம்பித்தேன்.

"சீஸ் எடுத்துட்டு வாசப்படிலதான் நின்னேன். நீ பலகையத் திருப்பினதப் பார்த்தேன். வெடிச்சதுக்காகவா போனேன்னு நினைச்ச? நீ திருப்பினதுக்காகப் போனேன்."

"காவ்ரிலா..."

"கோவமெல்லாம் எப்பவோ ஆறிடுச்சு. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அன்னிக்குப் போன்னு நீ வாயால சொல்லல. இன்னிக்கும் மாமலிகாவத்தான் பேச விடற. உனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லேன்க்கா."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். நிஜமாகவே காத்திருந்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். 'இரு' என்பது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் பலகையைத் திருப்பியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், அறையையும் உருளைக்கிழங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஊரெல்லாம் மூக்கைச் சிந்தியதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாயைத் திறந்தேன்.

"உப்பு போதுமா?" என்று கேட்டேன்.

அவன் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"போதும்க்கா" என்றான்.

மறுநாள் காலை வேன் வந்தது. பையில் வால்நட் வைத்துக் கொடுத்தேன், கம்பளிக் காலுறை வைத்தேன், பிளம் சாராயத்தில் ஒரு பாட்டில் வைத்தேன். அந்தச் சொல்லைத் தவிர எல்லாம் கொடுத்தேன். அவன் என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு மட்டும் மாமலிகா கிண்டினேன். யோசிக்காமல், பழைய கைப்பழக்கத்தில் கிண்டினேன். பலகையில் கவிழ்த்தேன். உருண்டையாக, பொன்னிறமாக நின்றது. ஆவி அடங்கியதும் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு வெடிப்பு விட்டது.

பலகையைத் திருப்பினேன். அவன் நாற்காலிப் பக்கம் வைத்தேன், ஒனீசிமின் நாற்காலிப் பக்கம் வைத்தேன், பெண்கள் உட்காரும் பெஞ்சுப் பக்கம் வைத்தேன். எந்தப் பக்கம் வைத்தாலும், போவதற்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.