ஆறு எண்களுக்கு இரண்டு நிமிடம்

ஸ்கேன் மையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணினி நின்றாலும், பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் "சிஸ்டம்மா, கொஞ்சம் வாங்க" என்பார்கள். அன்று காலை அவள் தோள்பையை இறக்குவதற்குள் ஸ்கேன் அறை டெக்னீஷியன் வாசலிலேயே வந்து நின்றான்.

"டாக்டருக்கு லைன் கிடைக்கலை சிஸ்டம்மா. ஏணியிலேர்ந்து விழுந்த ஆள் ஒருத்தர் உள்ள இருக்கார். தலையில அடி. படம் எடுத்து வெச்சாச்சு, பாக்கத்தான் ஆளில்லை."

டாக்டர் மையத்துக்கு வந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. மனைவி பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து வீட்டை விட்டு நகர முடியவில்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஸ்கேன் அறைக் கணினியைத் திறந்து, வீட்டிலிருந்தபடியே படம் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

கோளாறு என்னவென்று சிஸ்டம்மாவுக்குப் பார்த்ததுமே புரிந்தது. தலைமை அலுவலகத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் உண்டு. கண்டதையெல்லாம் பூட்டுவதால் எல்லாரும் அவரைப் 'பூட்டு' என்பார்கள். அவர் முந்தைய நாள் என்க்ரிப்ஷன் அளவை உயர்த்திவிட்டுப் போயிருந்தார். இரண்டு கணினிகள் பேச ஆரம்பிக்கும் முன், பேச்சை எந்த முறையில் மறைத்து அனுப்புவது என்று தமக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும். டாக்டரின் லேப்டாப் இப்போது புதிய முறையைத் தவிர எதையும் ஏற்பதில்லை. ஸ்கேன் இயந்திரத்தோடு வந்த கிழட்டுக் கணினிக்கோ பழையதைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டும் பிடித்த பிடியில் நின்றன.

"பழையபடி இறக்கி விடுங்களேன்" என்றான் டெக்னீஷியன்.

இறக்கக்கூடாது என்பது உத்தரவு. கண்ணாடிக்கு அப்பால் படுத்திருந்தவரின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. சுண்ணாம்பு காயாத பாதங்கள். அவள் இறக்கினாள்.

மூளைக்குள் ரத்தக் கசிவு என்று டாக்டர் உடனே சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் அடிபட்டவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனது. சிஸ்டம்மா அளவைத் திரும்ப உயர்த்தி வைத்துவிட்டு, பூட்டுக்குத் தானே போன் போட்டாள்.

"யாரைக் கேட்டு இறக்கினீங்க?"

"கேக்க நேரமில்ல சார். நீங்களா கண்டுபிடிச்சுக் கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு. "இன்னொரு கிளையில நோயாளிங்க படமெல்லாம் திருடு போச்சு. மேலிடத்துல நின்னு வாங்கிக் கட்டிக்கிட்டது நான்." கோபத்தைவிட அலுப்புதான் அந்தக் குரலில் அதிகம். "சாயங்காலத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்கம்மா. பாஸ்வேர்டு மட்டும் போதாது, போனுக்கு வர்ற ஆறு எண் கோடும் கேக்கணும். அதுல பேச்சே இல்ல."

ஸ்டோரில் ஒரு புதுக் கணினி சும்மா கிடந்தது. அதைக் கிழட்டுக் கணினிக்கு முன்னால் காவல் போட்டாள். வெளியிலிருந்து வருபவர் புதியதோடு புது முறையில் பேசலாம். புதியது ஒரே ஒரு கேபிள் வழியாகப் பழையதோடு பேசிக்கொள்ளும். மேஜைக்கு அடியில் புகுந்து கேபிளை மாட்டிவிட்டு எழுந்தபோது இடுப்பு விட்டுப்போனது. டாக்டர் லேப்டாப்பிலும் இதை அமைக்க, சாப்பிட நேரமில்லாமல் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

டாக்டர் கூடத்தில் லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். உள்ளறையில் கட்டிலில் அவர் மனைவி, இடது கையில் போனை இறுக்கிப் பிடித்தபடி.

"என் போன் எப்பவும் அவகிட்டதாம்மா இருக்கும். மக பேசுவா. வாங்கினா அழறா" என்று தணிந்த குரலில் சொன்னார். "இந்தக் கோடெல்லாம் வேண்டாம்னு சொல்லிடேன்."

"சொல்லிப் பாத்துட்டேன் சார். மசிய மாட்டேங்கிறார்."

உள்ளேயிருந்து ஒரு குரல் இழுத்து இழுத்து வந்தது. "நா...ன் படி...க்கறேன்."

டாக்டர் பாஸ்வேர்டைத் தட்டினார். போன் சிணுங்கியது. அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாகத் தேடி எடுத்தார். உதட்டின் ஒரு பக்கம்தான் அசைந்தது. மூன்றாவது எண் வருவதற்குள் கோடு காலாவதியாகிவிட்டது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை அவசரத்தில் டாக்டரே தப்பாகத் தட்டிவிட, கணக்கு முடங்கியது.

"எ...ன்னாலயா?" என்றது உள்ளறைக் குரல்.

"உன்னால இல்லடா. நான்தான் தப்பா அடிச்சேன்" என்றார் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிஸ்டம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து மறுபடியும் பூட்டைக் கூப்பிட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"அந்த எண்ணை இன்னொருத்தர் படிக்கக் கூடாதும்மா. போனை வாங்கி அவரே பாத்துக்கலாமே?"

"பாத்துக்கலாம் சார். வாங்கினா அந்தம்மா அழறாங்க."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "அவங்களுக்கு ஆறு எண் சொல்ல எவ்வளவு நேரமாகுது?"

"ஒன்றரை நிமிஷம் இருக்கும்."

"கோடோட ஆயுசு முப்பது செகண்ட். முடங்கின கணக்கைத் திறந்துவிட்டு, இந்த ஒரு கணக்குக்கு மட்டும் ரெண்டு நிமிஷமா மாத்தறேன். அதுக்கு மேல கேக்காதீங்க. அந்தம்மாவுக்கும் டாக்டருக்கும் தவிர வேற யார் கைக்கும் அந்தப் போன் போகக் கூடாது. எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

"சரிங்க சார்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

அவள் உள்ளே வந்து கூடத்துச் சோபாவில் உட்கார்ந்தாள். இம்முறை அந்த அம்மா நிதானமாகப் படித்தார். நடுவில் ஒரு முறை மூச்சு வாங்கினார். ஆறாவது எண்ணை டாக்டர் தட்டியதும் ஸ்கேன் அறைத் திரை கூடத்தில் விரிந்தது. யாருடைய முழங்காலோ வெளிச்சமாகத் தெரிந்தது.

"வ...ந்துச்சா?"

"வந்துச்சு."

சற்று நேரம் கழித்து, "அடு...த்தது எப்போ?" என்று கேட்டார் அந்த அம்மா. போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அடுத்த எண்களுக்காகக் காத்திருந்தார்.

கிளம்ப வேண்டும், இந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. ஆனால் சிஸ்டம்மா சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை.