உபாவுக்குக் கட்டிக்கொடுத்த பொய்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. புராவோ ஊரில் என் பக்கத்து வீட்டு உபா வந்து கேட்டாள்: "பொய் எழுதித்தானே அக்கா பொழைக்கிறே? எனக்கும் ஒண்ணு கட்டிக் குடு."

அவள் மகள் ஹோதனுக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறைக்குள் அவள் பிறப்புறுப்பை அறுத்துத் தைத்துவிட வேண்டும் என்று உபாவின் நாத்தனார் ஸஹ்ரா ஒற்றைக்காலில் நிற்கிறாள். உபாவுக்கு அதில் துளியும் மனமில்லை.

2

ஸஹ்ராவை முதலில் அரக்கியாக எழுதினேன். 'ஈவிரக்கமற்ற அந்த' (அடித்துவிட்டேன். ஹோதனுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காமல் கிடப்பவள் இவள்தான்.) அவள் பேசியதை அப்படியே தருகிறேன்.

"அறுக்காதவ தொழுகை ஏறுமா மதினி?"

"மார்க்கத்துல அப்படி இல்லன்னு ஷேக்கே சொல்லிட்டாரே!"

"சொல்லுவாரு. அவரு மகனுக்கு இவளைக் கட்டுவாரான்னு கேட்டுட்டு வா. தைக்காத பொண்ணுக்கு எவன் பரிசமா ஒட்டகம் தருவான்? நம்மகிட்ட இருந்ததெல்லாம்தான் வறட்சியில போயிருச்சே."

(இதற்கு மேல் என்ன எழுத? எனக்கென்ன, அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.)

3

நான் கட்டிய பொய் இதுதான். அறுக்கிற தஹபோ ஹோதனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிளேடைத் தொட மாட்டாள். ஹோதன் அலறுவாள். பிறகு, அறுத்த பிள்ளைக்குச் செய்வதுபோல, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை காலைச் சேர்த்துக் கட்டிவிடுவோம். கட்டைப் பார்த்தால் தெருவே நம்பிவிடும்.

தஹபோ லேசில் மசியவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க பாப்பாங்க. அன்னிக்கு என் பேரு நாறிப்போகும். அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? என் அடுப்பு எப்படி எரியும்?"

கடைசியில் சரி என்றாள். மனதாரச் சொன்னாளா? 'அப்போது தஹபோவின் முகத்தில்' இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

4

முதல் முடிவு: பொய் பலிக்கிறது. கட்டுக்குள் கிடந்தபடி ஹோதன் சிரிப்பை அடக்குகிறாள்.

இரண்டாவது முடிவு: (வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.)

காலையில் கதவு சாத்தியாயிற்று. வெளியே ஸஹ்ரா துஆ ஓதுகிறாள். உபா என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே ஹோதன் அலறுகிறாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

பிறகு, "அம்மா, இவங்க..." என்கிறாள். அது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

கதவைத் திறந்தால், உள்ளே நடப்பது நடிப்பாக இருந்தால், ஸஹ்ரா பார்த்துவிடுவாள். நாளைக்கே ஹோதனை வேறொருத்தியிடம் இழுத்துப்போவாள். திறக்காவிட்டால்...

உபா என்னைப் பார்க்கிறாள். பொய் என்னுடையதுதானே. நான் உங்களைப் பார்க்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், திறக்கட்டுமா?