அறுபத்தொன்பதோடு முடிந்த முத்திரை

எங்கள் அலுவலகத்துத் தேதி முத்திரையில் வருஷம் அறுபதில் தொடங்கி அறுபத்தொன்பதில் முடியும். சக்கரத்தை இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் மறுபடியும் அறுபதுதான் வரும். 1970 ஜனவரி முதல் தேதி காலையில் நான் தள்ளினேன். பார்க்காமலேயே ஐந்து ஜீப்புகளின் தகுதி அட்டைகளிலும் குத்தினேன். பதினைந்து வருஷ குமாஸ்தா வேலையில் கை தானாகக் குத்தும்.

குத்திய தேதியிலிருந்து ஒரு வருஷம்தான் அட்டை செல்லும். அதன்படி ஐந்து வண்டிகளுக்கும் கெடு முடிந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பேனாவால் திருத்தினேன். அடித்தல் திருத்தல் உள்ள அட்டை செல்லாது என்றார் அதிகாரி. எங்கள் தீவிலிருந்து மெயின்லேண்டுக்குப் புது முத்திரை கேட்டு எழுதினோம். கப்பல் வரும்வரை ஜீப்புகள் ஊருக்கு வெளியிலிருந்த எங்கள் டாலிகஞ்ச் ஷெட்டை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. சாவிகள் என் மேஜை டிராயரில் இருந்தன.

டிரைவர் கோவிந்தராஜ் சிரித்தான். "வண்டிக்கு வருசம் தெரியுமா சாப்? பெட்ரோல் ஊத்துனா ஓடும்."

"உனக்கென்னப்பா, ஜவாப் சொல்றவன் நான்ல," என்றேன். விதி என்றால் எனக்கு விதிதான். ஊரே கிண்டல் செய்யும். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

பதிமூன்றாம் தேதி பகல் இரண்டு மணிக்கு அவன் ஓடி வந்தான். மனைவி ருக்குவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது, ரத்தம் போகிறது என்றான். ஆஸ்பத்திரி ஊருக்குள் இருக்கிறது. அடுத்த பஸ் நாலு மணிக்கு.

"சாபி குடுங்க சாப். அரை மணி நேரம். ஜல்தி."

அதிகாரி இன்னொரு தீவான லாங் ஐலண்டுக்குப் போயிருந்தார். டிராயருக்குள் கைவிட்டேன். சாவி விரலில் பட்டது.

"அவர் வந்து சொன்னாத்தான்," என்றேன்.

அவன் கெஞ்சவில்லை. ரோட்டுக்கு ஓடினான். மூன்றரை மணிக்கு மரம் ஏற்றி வந்த ஒரு லாரி கிடைத்ததாம். ருக்கு பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை.

எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். நாக்கில் உப்பும் தெரியவில்லை, புளியும் தெரியவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. விதிப்படி நடந்தீர்கள் என்று அதிகாரி மெச்சக்கூடச் செய்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரியில் கப்பல் வந்தது. புது முத்திரை எழுபதில் தொடங்கியது. முதல் அட்டையைக் குத்தி, சாவியோடு கோவிந்தராஜிடம் நீட்டினேன். ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் நின்ற ஜீப். பேட்டரி இறங்கியிருக்கும், நாலு பேர் தள்ளித்தான் கிளப்ப வேண்டும் என்று நினைத்தேன். கிளம்பக் கூடாது, அன்றைக்கும் கிளம்பியிருக்காது என்று ஆகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

அவன் சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.

இன்ஜினை ஓடவிட்டபடி கோவிந்தராஜ் என்னைப் பார்த்தான்.

"பாருங்க சாப்," என்றான். "அதுக்கு வருசம் தெரியவே இல்ல."